வெள்ளிக்கிழமை கிடைக்காத காசு

என்னைத் தணிக்கைக்கு அனுப்பினால் போன இடத்தில் ஒரு திருடனைப் பிடிக்காமல் திரும்ப மாட்டேன் என்று எங்கள் ஆபீசில் ஒரு பேச்சு உண்டு. அதைக் கேலியாகத்தான் சொன்னார்கள். நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். பதினேழு வருஷ சர்வீசில் பதினொரு பேரைப் பிடித்திருக்கிறேன், சும்மாவா? வீட்டில் என் மனைவி கத்தரிக்காய் வாங்கி வந்தால்கூட விலையைக் கேட்டுவிட்டு ஒரு நிமிஷம் அவள் முகத்தைப் பார்ப்பேன். அவள் இரண்டு நாள் பேச மாட்டாள். அப்படிப்பட்ட என்னை, சம்பந்தம் என்கிற இந்த ஆளை, 1963 பிப்ரவரியில் செஞ்சிக்கு அனுப்பி வைத்தார்கள்.

செஞ்சியில் அப்போது மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். கோட்டை வருவதற்கு முன்பே அங்கே ஒரு பட்டணம் இருந்தது, அது சந்திரகிரி மலையடியில் மண்ணுக்குள் கிடக்கிறது என்பது அரங்கநாதன் என்ற அதிகாரியின் நம்பிக்கை. முப்பது வருஷம் கல்வெட்டுப் படித்தவர் அவர். தோண்டும் வேலை அவருக்கு இதுதான் முதல் தடவை. கடைசித் தடவையும் இதுதான், ஏனென்றால் மார்ச் முப்பத்தொன்றாம் தேதி அவருக்கு ரிட்டையர்மென்ட். அதற்குள் பட்டணத்தைக் காட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் முப்பது வருஷமாக அவர் சொல்லி வந்ததை வெறும் கதை என்று எழுதி மூடிவிடுவார்கள்.

இரண்டு குழிகள் இருந்தன. தெற்குக் குழியில் சிங்கவரத்து ஆட்கள் இருபது பேர். அதில் செம்புக் காசுகள் கிடைத்துக்கொண்டிருந்தன. வடக்குக் குழியில் வல்லத்து ஆட்கள் இருபது பேர். அதில் ஒரு காசுகூட வரவில்லை, செங்கல்தான் வந்தது. தோண்டுவதற்குச் சர்க்கார் அதுவரை கொடுத்த பணமெல்லாம் கரைந்துவிட்டது. மீதி ஆயிரம் ரூபாயை விடுவிக்க நான் கையெழுத்துப் போட வேண்டும். அந்த ஆயிரத்தில் ஆறு வாரம் ஓட்டலாம், ஆனால் ஒரே ஒரு குழியைத்தான் ஓட்டலாம். எந்தக் குழி என்று அரங்கநாதன் வெள்ளிக்கிழமைக்குள் முடிவு செய்வதாக இருந்தார்.

நான் செவ்வாய்க்கிழமை போய்ச் சேர்ந்தேன். முதலில் என்னை வடக்குக் குழிக்குள் இறக்கிக் காட்டினார். செங்கல் சுவர் ஒன்று மூலை திரும்பி ஓடியது. பக்கத்தில் தண்ணீர் போகச் சாய்வாகக் கட்டிய சின்னக் கால்வாய். சுவர் விட்ட இடத்தில் கருங்கல் வாசற்படி ஒன்று இருந்தது. எத்தனை பேர் எத்தனை வருஷம் மிதித்தார்களோ, நடுவில் குழிந்து தேய்ந்திருந்தது. எனக்குச் சரித்திரம் தெரியாது. ஆனாலும் அந்தப் படியில் கால் வைக்கக் கூச்சமாக இருந்தது, தாண்டிப் போனேன்.

"மாட்டுக் கொட்டாயாகக்கூட இருக்கலாம்" என்றார் அரங்கநாதன். "செங்கல்லை வெச்சு என்ன சொல்ல முடியும்? தெற்கே வாங்க, காசு காட்டறேன். காசு புழங்கின இடம்னா கடைத்தெரு. கடைத்தெரு இருந்தா ஊர் இருந்ததுன்னு யாரும் மறுக்க முடியாது."

காசு என்று சொல்லும்போதே அவர் குரல் மாறியது. எனக்கு உடனே சந்தேகம் வந்தது. அவர் மேல் இல்லை, காசின் மேல்.

கணக்கெல்லாம் அரிகிருஷ்ணன் கையில் இருந்தது. செஞ்சி பஜாரில் மளிகைக் கடை வைத்திருந்த குடும்பம், இவர் மட்டும் தற்காலிக குமாஸ்தாவாக வேலைக்கு வந்தவர். மஸ்டர் ரோல் என்ற கூலிப் பதிவேடு, வவுச்சர், கடப்பாரை வாங்கிய பில், கூடை வாங்கிய பில் எல்லாம் அடித்தல் திருத்தல் இல்லாமல் முத்து முத்தாக இருந்தன. அடித்தல் இல்லாத கணக்கை நான் நம்புவதே இல்லை. உட்கார்ந்து சாவகாசமாகப் பொய் எழுதுகிறவனுக்குத்தான் கையெழுத்து அவ்வளவு அழகாக வரும் என்பது என் அனுபவம்.

அதிலே ஒரு இனாம் நோட்டு இருந்தது. தோண்டுகிற இடத்தில் கிடைப்பதை ஆட்கள் மடியில் கட்டிக்கொண்டு போகாமல் இருக்க, ஒவ்வொன்றுக்கும் கூலிக்கு மேல் ஏதாவது கொடுப்பார்களாம். பாசிமணி ஒன்றுக்குப் பத்து நயா பைசா, காசுக்கு இருபத்தைந்து நயா பைசா. ஒன்பது வாரத்தில் தெற்குக் குழியிலிருந்து நூற்றுப் பதினெட்டுக் காசு. இனாம் இருபத்தொன்பது ரூபாய் ஐம்பது. பாதிக்கு மேல் பூவாயி என்ற ஒரே பெண்பிள்ளையின் கைநாட்டு.

நோட்டைக் கிழமைவாரியாகப் பிரித்துப் பார்த்தேன். அது என் பழக்கம். ஒன்பது வெள்ளிக்கிழமை வந்து போயிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமையில்கூட ஒரு காசு கிடைக்கவில்லை. பாசிமணி கிடைத்திருக்கிறது, உடைந்த விளக்கு கிடைத்திருக்கிறது, காசு மட்டும் இல்லை. மண்ணுக்குக் கிழமை தெரியுமா? வெள்ளிக்கிழமை செஞ்சியில் சந்தை. குமாஸ்தா சந்தைக்குப் போய்விடுவார், அன்று பொய்க் கணக்கு ஜோடிக்க அவருக்கு நேரம் இல்லை என்று முடிவு கட்டினேன்.

புதன்கிழமை காலை அரங்கநாதன் முன்னால் நோட்டைத் தூக்கிப் போட்டேன்.

"இந்த ஆள் இல்லாத காசுக்கு இனாம் எழுதி எடுத்திருக்கார். இன்னிக்கே நிறுத்தி வைங்க. எனக்குச் சந்தேகமே இல்லை."

அரிகிருஷ்ணன் முகம் செத்துப்போனது. உள்ளே போய் ஒரு தகரப் பெட்டியைத் தூக்கி வந்து திறந்தார். ஒவ்வொரு காசும் தனித்தனிக் காகித உறையில், தேதி போட்டு, எண் போட்டு இருந்தது. நானே எண்ணினேன். இரண்டு தடவை எண்ணினேன். நூற்றுப் பதினெட்டு. ஒன்றுகூடக் குறையவில்லை.

"அப்ப வெள்ளிக்கிழமை?" என்றேன், விடாமல்.

"சார், இந்தப் பக்கத்துல வெள்ளிக்கிழமையில யாரும் காசைக் கையை விட்டுக் குடுக்க மாட்டாங்க. லட்சுமி போயிடும்பாங்க. எங்க கடையிலயே அன்னிக்குக் கடன் கேட்டா எங்க நைனா தர மாட்டாரு. கெடைச்சா முடிஞ்சி வெச்சிருந்து சனிக்கிழமை குடுப்பாங்களா இருக்கும்."

அரங்கநாதன் சிரித்தார். "சம்பந்தம், உங்க ஊர்ல இந்தப் பழக்கம் இல்லையா?" என்றார். அரிகிருஷ்ணனிடம் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவர் உறைகளை ஒவ்வொன்றாக அடுக்கிப் பெட்டியை மூடினார், நான் எழுந்து போனேன்.

அவமானம் என்னை விடவில்லை. மத்தியானம் மறுபடி நோட்டை எடுத்தேன். வெள்ளிக்கிழமை கிடைத்ததைச் சனிக்கிழமை கொடுத்தார்கள் என்றால், சனிக்கிழமைக் கணக்கு இரண்டு மடங்காக இருக்க வேண்டும். கூட்டினேன். திங்கள் இருபத்து நாலு, செவ்வாய் இருபத்து மூன்று, புதன் இருபத்தைந்து, வியாழன் இருபத்து நாலு, சனி இருபத்திரண்டு. சனிக்கிழமைதான் எல்லாவற்றிலும் குறைச்சல்! அப்படியானால் வெள்ளிக்கிழமை காசு கையில் தங்கவில்லை, மண்ணிலிருந்தே வரவில்லை. நாளுக்கு இரண்டு மூன்று என்று அளந்து, வெள்ளிக்கிழமை மட்டும் விட்டு, யாரோ போட்டால்தான் இப்படி வரும். காசைக் கையை விட்டுக் கொடுக்கவே பயப்படுகிறவர்கள் அதை மண்ணில் போட்டுப் புதைப்பார்களா? அன்றைக்கு மட்டும் அவர்களுக்குக் கை வரவில்லை.

வியாழக்கிழமை பஜாருக்குப் போனேன். பழைய செம்பு கிடைத்தால் இந்த ஊரில் எங்கே போகும்? பாத்திரக்கடைக்குத்தான். துரைராஜ் என்பவர் கடையில் ஒரு டம்ளரை விலை கேட்பதுபோல் பேச்சைத் தொடங்கினேன்.

"பழங்காசா? அதை ஏன் கேக்கறீங்க சார்" என்று அவர் அலுத்துக்கொண்டார். "சிங்கவரத்துல ஏர் ஓட்டனா அது பாட்டுக்கு வரும். பொம்பளைங்க முந்தானையில முடிஞ்சிகினு வருவாங்க. எடை போட்டுட்டு ஒரு கரண்டியோ டம்ளரோ எடுத்துகினு போவாங்க. மாசம் அரைப் படி வரும். மார்கழியில இருந்து ஒரு காசு வர்ல. இன்னா ஆச்சோ தெரியல."

என்ன ஆச்சு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெருவில் நடக்கும்போது எனக்குப் பெருமை தாங்கவில்லை. பன்னிரண்டாவது ஆள் என்று மனசு எண்ணிக்கொண்டது. டம்ளரைக்கூட வாங்காமல் வந்துவிட்டேன்.

சாயங்காலம் வேலை விட்டதும் பூவாயி குளத்தில் கூடை கழுவிக்கொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும். முழங்கை வரை செம்மண். தெற்குக் குழி ஆட்களுக்கு அவள் சொன்னதுதான் சட்டம். மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். நான் போய் நின்று நேராகக் கேட்டேன்.

"உங்க நிலத்துக் காசை எடுத்துட்டு வந்து குழியில போடறீங்க. சரியா?"

மறுப்பாள் என்று நினைத்தேன். அவள் கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஆரு சொன்னாங்க ஐயா?"

அங்கேதான் நான் கெட்டேன். யாரும் சொல்லவில்லை, நானே கண்டுபிடித்தேன் என்று அவளுக்குத் தெரிய வேண்டும் என்று இருந்தது எனக்கு. வெள்ளிக்கிழமையை விளக்கினேன். சனிக்கிழமைக் கூட்டலை விளக்கினேன். ஒன்று விடாமல் விரல் விட்டுச் சொன்னேன். அவள் வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மாடி. அத நாங்க நெனைக்கவே இல்லியே" என்றாள்.

"எதுக்கு இப்படிச் செஞ்சீங்க? கால் ரூபாய்க்கா?"

"கால் ரூபாயும்தான், ஏன் பொய் சொல்லணும்? ஆனா அதுக்கு இல்ல ஐயா. மொதல்ல மேற்கால ஒரு குழி வெட்னோம். பன்னண்டு நாள்ல ஒண்ணும் வர்லன்னு பெரிய ஐயா மூடச் சொல்லிட்டாரு. எல்லாரும் வூட்டுக்குப் போயிட்டோம். இந்த வருசம் மல்லாட்டைப் பயிரு காஞ்சி போச்சி, இன்னாத்த தின்றது? அப்பால இந்தக் குழிக்குக் கூப்ட்டாங்க. மொத நாளு நெஜமாவே ஒரு காசு கெடைச்சுது. அதைப் பெரிய ஐயா உள்ளங்கையில வெச்சிகினு அழுதாரு, எங்கண்ணால பாத்தேன். காசு வந்தா இந்தக் குழிய மூட மாட்டாருன்னு அன்னிக்கே தெரிஞ்சி போச்சி."

"இது அவரை ஏமாத்தறது இல்லையா?"

"பொய்க் காசா போட்டோம்? இந்த ஊரு மண்ணுல வெளைஞ்ச காசுதான ஐயா. தோ, அரைக் கல்லு தூரத்துல கெடைச்சத இங்க போட்டோம். அவருக்கும் சந்தோசம், எங்களுக்கும் கஞ்சி. யாரு கொறஞ்சி போனாங்க?"

"வடக்குக் குழியை மூடிடுவார், அது தெரியுமா உனக்கு? அங்கேதான் நிஜமாவே வீடு இருக்கு, வாசற்படி இருக்கு."

"படிக்கட்டு யாருக்கு வேணும்? அவரே அதை ஏறெடுத்துப் பாக்கறது இல்லியே."

எனக்குக் கோபம் வந்தது. அவள் மேல் வந்ததா, அவள் சொன்னது உண்மை என்பதால் வந்ததா, தெரியவில்லை. நாளைக்குக் காலையில் அவரிடம் சொல்லப் போகிறேன் என்றேன். "இன்னும் ஆறு வாரம் ஐயா. சித்திரை வந்தா வேற வேலை வந்துடும்" என்று கையைக் கூப்பினாள். என் மனசு இளகத்தான் செய்தது. ஆனால் அந்த மனுஷர் முப்பது வருஷமாகத் தேடின ஊரின் வாசலை அவர் கையாலேயே மூடவைப்பதா என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன். முதல் தடவையாக, ஒரு திருட்டைப் பிடிப்பதற்கு அல்லாமல் ஒருவருக்கு நல்லது செய்யப் போகிறேன் என்றும் நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை அரங்கநாதன் மேஜையில் ஒரு வரைபடம் விரித்திருந்தார். தெற்குக் குழியின் மேல் சிவப்பு மசியில் 'கடைத்தெரு' என்று எழுதியிருந்தது. அரிகிருஷ்ணன் பக்கத்தில் நின்று பென்சில் சீவிக்கொண்டிருந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கிழமைக் கூட்டலைக் காட்டினேன், பாத்திரக்கடைக்காரர் சொன்னதைச் சொன்னேன், பூவாயி ஒப்புக்கொண்டதையும் சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சம்பந்தம், புதன்கிழமை இந்த அரிகிருஷ்ணன் திருடன்னு சொன்னீங்க. சந்தேகமே இல்லைன்னீங்க. ராத்திரி அவர் இங்கே உக்காந்து அழுதார், உங்களுக்குத் தெரியுமா?"

"அது தப்புதான் சார். ஆனா இது..."

"இன்னிக்குக் கூலிக்காரங்க. நாளைக்கு யாரு? நானே போட்டேன்னு சொல்வீங்களா?"

"வடக்குக் குழியை மட்டும் மூடாதீங்க சார். கணக்கு என்னவோ ஆகட்டும். அந்த வாசற்படியை ஒரு தடவை போய்ப் பாருங்க."

"நீங்க கணக்குப் பாக்க வந்தவர். எனக்கு மண்ணைப் பத்திச் சொல்லித்தர வேண்டாம்." அந்த சாது மனிதர் குரல் உயர்ந்து அன்றுதான் கேட்டேன். "வெள்ளிக்கிழமை காசு வராதது ஒண்ணைத்தான் பெரிசாக் காட்டறீங்க. சரி, பாப்போம்."

அதிக நேரம் பார்க்க வேண்டியிருக்கவில்லை. பதினொரு மணிக்குப் பூவாயி வந்தாள். தலையில் சும்மாடு, கையில் மண். முந்தானை முடிச்சை அவிழ்த்து மூன்று காசை எடுத்தாள். மூன்றையும் சேர்த்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஒரு நிமிஷம் கையை மூடியே வைத்திருந்தாள். பிறகு மேஜையில், வரைபடத்தின் மேல் வைத்தாள்.

"இப்பத்தான் கெடைச்சுதுங்க" என்றாள். என் பக்கம் பார்க்கவே இல்லை.

"இன்னிக்கு என்ன கிழமை, சம்பந்தம்?" என்றார் அரங்கநாதன்.

பூவாயியிடம், "நேத்து குளத்தாண்ட என்கிட்ட என்ன சொன்னே?" என்று கத்தினேன்.

"நான் இன்னாங்க சொன்னேன்? கூடை கழுவிகினு இருந்தேன். நீங்கதான் எதையோ கூட்டிக் கழிச்சிப் பேசிகினு இருந்தீங்க."

அரிகிருஷ்ணனைப் பார்த்தேன். உள்ளூர்க்காரர், பாத்திரக்கடையில் என்ன நடக்கிறது என்று தெரியாதவர் இல்லை. வெள்ளிக்கிழமை காசு கொடுக்கும் ஒரு பெண்பிள்ளையைப் பார்த்து அவர் திடுக்கிட்டதையும் நான் கவனித்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவர் பென்சிலைச் சீவுவதை நிறுத்தி என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மறுபடி சீவ ஆரம்பித்தார். அவர் ஏன் பேச வேண்டும்? நான் அவருக்கு என்ன செய்திருந்தேன்?

தெற்குக் குழியே தொடரும், வடக்குக் குழியை நாளைக்கே மூடிவிடலாம் என்று அரங்கநாதன் உத்தரவு எழுதினார். எழுதும்போது அவர் கை அவ்வளவு நிதானமாக இருந்தது.

மறுநாள் சனிக்கிழமை, கூலி நாள். வல்லத்து ஆட்கள் தோண்டிக் குவித்த மண்ணைத் திரும்ப உள்ளே தள்ளினார்கள். தங்கள் வேலையைத் தாங்களே மூடுகிறோம் என்று தெரிந்துதான் தள்ளினார்கள். நான் கரையில் நின்றேன். முதலில் கால்வாய் போனது, பிறகு சுவரின் மூலை. வாசற்படியின் தேய்ந்த பள்ளத்தில் மண் முதலில் நிறைந்து, படி ஒரு நிமிஷம் புதிதாகச் செதுக்கியது மாதிரி சமமாகத் தெரிந்தது. அடுத்த கூடையில் அதுவும் மறைந்தது. எனக்கு அழுகை வந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் வந்தது. நான் பிடித்த பதினொரு பேரில் எத்தனை பேர் நிஜத் திருடர்கள் என்று அந்த நிமிஷம்தான் முதலில் யோசித்தேன்.

கூலி வாங்க வந்த வரிசையில் பூவாயி என் பக்கத்தில் நின்றாள். அவளுக்கு ஜெயித்த முகம் இல்லை. ராத்திரியெல்லாம் தூங்காத கண்.

"வெள்ளிக்கிழமை அதுவுமா காசை மண்ணுல போட வெச்சிட்டீங்களே ஐயா" என்று மெல்லச் சொன்னாள். "எங்கூட்டுல கட்டிக்குடுக்கற வயசுல ரெண்டு பொண்ணு இருக்குது. இன்னா ஆவப்போவுதோ."

அவள் கூலியை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். நான் அரிகிருஷ்ணன் எதிரில் உட்கார்ந்தேன். கணக்கில் ஒரு குறையும் இல்லை. காசு நூற்று இருபத்தொன்று, இனாம் முப்பது ரூபாய் இருபத்தைந்து, பெட்டியில் எண்ணிக்கை சரி, கைநாட்டுச் சரி. தணிக்கை நோட்டில், 'சரிபார்த்தேன், ஆட்சேபணை இல்லை, மீதித் தொகையை விடுவிக்கலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். புதன்கிழமை நான் பேசியது தப்பு, மன்னிச்சுக்குங்க என்று அவரிடம் சொன்னேன்.

"பரவால்ல சார்" என்றார் அவர், தலையைத் தூக்காமல். மஸ்டர் ரோலில் கடைசி வரியை எழுதி என் பக்கம் திருப்பினார். வடக்குக் குழி மூடிய கூலி, பெண்கள் பதினைந்து, ஆண்கள் ஐந்து, ஒரு நாள், இருபத்திரண்டு ரூபாய் ஐம்பது நயா பைசா.

பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கூட்டிப் பார்த்தேன். பக்கத்தில் என் சுருக்கொப்பத்தைப் போட்டேன்.